வாசகர் கேள்வி – பதில்: ஊர் மாறும்போது வைத்தியம் அறுபடாமல் இருக்க

நெல்லைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னை, திருப்பூர், கோவை என்று பிழைப்புக்குப் போகிறவர்களின் வைத்தியம் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கே: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஊரில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவார்கள். இப்போது திருப்பூரில் தம்பியோடு இருக்கிறார். மாத்திரைக்காக மாதாமாதம் ஊருக்கு வர வேண்டுமா? – ஒரு வாசகி, மானூர்

வர வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தருகிற மாத்திரைகள் திருப்பூரில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்தான். அப்பாவின் சிகிச்சை நோட்டு, ஆதார், ஊரில் பதிந்த போன் நம்பர் மூன்றையும் கொண்டுபோய்ப் பதியச் சொல்லுங்கள். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கும். தம்பி ஒரு நாள் கூலியை விடாமல் கூட்டிப் போகலாம்.

கோளாறு வருவது வேறு இடத்தில். ஊர் மாத்திரையை எல்லாம் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போவார்கள். புது டாக்டர் எழுதும் மாத்திரைக்குப் பெயர் வேறாக இருக்கும், உள்ளே மருந்து ஒன்றாக இருக்கும். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கினால் பிரஷர் மருந்தான அம்லோடிபின் இரட்டிப்பாகிக் கால் வீங்கும், தலை சுற்றும். சர்க்கரை மருந்தான கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சர்க்கரை சட்டென்று இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து ஆளே மயங்கிவிடுவார். அதனால் மாத்திரையை அட்டையோடு கொண்டுபோங்கள். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அச்சிட்ட ஓரத்தைக் கிழிக்காமல், எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரையை எடுத்துவாருங்கள். கடைசி மாத்திரை வரை பெயர் மிஞ்சும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாட்டிலில் ‘40’ என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, ‘100’ என்று இருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடியை வாங்கி 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். புது ஊர் மருந்துக் கடையில் சிரிஞ்சு வாங்கும்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கே: தம்பிக்கு டி.பி. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதில் இருமல் நின்றுவிட்டது. சென்னையில் ஓட்டல் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மாத்திரையை இத்துடன் நிறுத்தலாமா? – ஒரு வாசகர், முக்கூடல்

நிறுத்தவே கூடாது. இருமல் நின்றது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நோய் தீர்ந்ததற்கு அல்ல. சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். பிறகு வைத்தியம் நீளும், மருந்தும் கடினமாகும்.

வேலைக்குப் போகலாமா என்பதை இரண்டு மாத முடிவில் எடுக்கும் சளிப் பரிசோதனை சொல்லும். அந்த ரிப்போர்ட் வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். கிருமி இல்லை என்று வந்து, டாக்டரும் சம்மதித்தால் போகட்டும்.

கிளம்புமுன் சிகிச்சை எடுக்கும் இடத்துக்குப் போய், “சென்னைக்கு மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் நிக்ஷய் என்ற அரசுக் கணினிப் பதிவில் ஒரு நம்பர் உண்டு. தங்கப்போகும் தெருவைச் சொன்னால் அங்குள்ள மையத்துக்கு அந்த நம்பரையே மாற்றிவிடுவார்கள். சொல்லாமல் போய்ப் புதிதாகப் பதிந்தால், எத்தனை மாதம் மாத்திரை முடிந்தது என்ற கணக்கு அறுந்துவிடும். சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும் மாதம் 1000 ரூபாயும் சிக்கிக்கொள்ளலாம். வேலை செட்டில் ஆகி அங்கே மையத்தைக் கண்டுபிடிக்கும் வரை தாங்குகிற அளவு மாத்திரையைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அங்கே வழி தெரியாவிட்டால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அறையில் கூட இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மாத்திரையை விடுகிறவர்கள் நிறைய. டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும்; அதைப் பார்த்து அவரே பயந்துவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். குடி அறவே வேண்டாம், கல்லீரல் தாங்காது. வீட்டில் இருக்கும் நீங்களும் குழந்தைகளும் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கே: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வள்ளியூர் முகவரியில் இருக்கிறது. கோவையில் செல்லுமா? – ஒரு வாசகர்

செல்லும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் அந்த அட்டை போதும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் ஓ.பி. சீட்டுக்கும் கடையில் வாங்கும் மாத்திரைக்கும் இது உதவாது; பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்கும்தான். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கலாம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அட்மிஷன் போடும்போதே மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மேசையில் அட்டையைக் காட்டி, அனுமதி வந்ததா என்று கேளுங்கள். சேர்ந்த மருத்துவமனையா என்ற சந்தேகத்துக்கு 1800 425 3993. கல்யாணமாகிப் புது ரேஷன் கார்டு வாங்கியவர்கள், காப்பீட்டு அட்டையையும் கலெக்டர் ஆபீஸ் மையத்தில் புதிதாக எடுக்க வேண்டும். வருமானச் சான்றைச் சொந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் வாங்க வேண்டியிருந்தால், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கே: மகள் திருப்பூரில் மாசமாக இருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துக் கூட்டி வருவோம். பதிவை எங்கே செய்வது? – ஒரு தாய், களக்காடு

இப்போது இருக்கும் ஊரிலேயே, உடனே. பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவில் கிடைக்கும் 12 இலக்க நம்பர் மாநிலம் முழுக்க ஒன்றுதான். உதவித்தொகைக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். இங்கே வந்ததும் கிராம சுகாதார நர்ஸிடம் அந்த நம்பரைக் கொடுங்கள், இன்னொரு பதிவு போட வேண்டாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பெரிய பெட்டிக்குள் திணிக்காமல் கைப்பையில் வையுங்கள். ரத்தசோகை, பிரஷர், முதல் பிரசவத்தில் ஆபரேஷன் இவற்றில் ஏதாவது இருந்தால் வளைகாப்பு வரை காத்திருக்க வேண்டாம். எப்போது பயணம் செய்யலாம் என்று அங்குள்ள டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டி வாருங்கள். வந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலும் (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) காட்டிவிடுங்கள்.