மரம் வெளிறும்போது யாரை அழைப்பது: புல்தரைப் பராமரிப்பு நிறுவனத்தையா, ஆர்பரிஸ்டையா?

நியூ ஜெர்சியின் மத்தியப் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டின் முன்புறத்தில் 'பின் ஓக்' (pin oak) என்னும் வகை மரம் ஒன்று நிற்கிறது, வயது நாற்பதுக்கு மேல். இரண்டு கோடைகளாக அதன் இலைகள் மஞ்சளாக வெளிறுகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. மரத்தடியில் புல்லும் பிடிக்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக எங்கள் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம், சுண்ணாம்பும் மரத்துக்கான உரமும் சேர்ந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட் (மரங்களின் நலம் பார்க்கும் நிபுணர்) ஒருவரோ, வந்து பார்ப்பதற்கே கட்டணம் கேட்கிறார். யாரை அழைப்பது?"

முதலில் ஆர்பரிஸ்டை அழையுங்கள். அவர் வந்து பார்த்துச் சொல்லும் வரை சுண்ணாம்பு தூவுவதை நிறுத்தி வைக்குமாறு உங்கள் புல்தரை நிறுவனத்திடம் இன்றே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டாவது வேலைதான் அவசரமானது.

நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது நரம்பு பச்சையாக இருக்க அதன் இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது, பின் ஓக் மரத்தில் பெரும்பாலும் இரும்புச் சத்து கிடைக்காததால் வருகிறது. மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. மண்ணின் கார அமில நிலை (pH) ஏறுகிறபோது, அதாவது அமிலத்தன்மை குறைகிறபோது, அதிலுள்ள இரும்பு வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பின் ஓக் அமில மண்ணுக்குப் பழகிய மரம். கார அமில நிலை 6.5-ஐத் தாண்டிய மண்ணில் அது வெளிறத் தொடங்குவது வழக்கம். ஆனால் உங்கள் பகுதியில் விதைக்கப்படும் புல் வகைகளுக்கு 6 முதல் 7 வரையிலான நிலை பொருந்துகிறது. நியூ ஜெர்சியின் மண் இயல்பாகவே அமிலத்தன்மை மிக்கது என்பதால், அந்த அமிலத்தைக் குறைக்கப் புல்லுக்காக ஆண்டுதோறும் சுண்ணாம்பு இடுவது அங்கே பலருக்கும் பழக்கமாகிவிட்டது. புல்லுக்குச் செய்யும் அதே உபகாரம் மரத்தின் இரும்பைப் பூட்டி வைத்துவிடக்கூடும். ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை, எவ்வளவு சுண்ணாம்பு போடப்பட்டது என்பதைப் பழைய ரசீதுகளைப் பார்த்து எழுதி வையுங்கள். மரத்தைப் பார்க்க வருபவருக்கு அதைவிட உதவும் குறிப்பு வேறில்லை.

இருந்தாலும், கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு கூறக்கூடாது. உங்கள் மாநிலத்தில் செந்நிற ஓக் வகைகளையும் பின் ஓக்கையும் தாக்கும் பாக்டீரிய இலைக் கருகல் நோய் பரவலாக உள்ளது. அந்த நோயில் கோடையின் பிற்பகுதியில் இலை விளிம்பு பழுப்பாகக் கருகும். கருகிய பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவே மஞ்சள் கோடு ஒன்று தெரியும். ஆண்டுக்கு ஆண்டு மேலும் சில கிளைகளுக்கு அது பரவும். அதற்கு முழுமையான மருத்துவம் கிடையாது, ஊசி மூலம் அறிகுறிகளைத் தணிக்க மட்டுமே முடியும். இரும்புக் குறைபாட்டையோ மண்ணைச் சரிசெய்தும், தேவைப்பட்டால் தண்டின் வழியே இரும்பைச் செலுத்தியும் சமாளிக்கலாம். இரண்டையும் பிரித்தறிய மண் சோதனையும் இலைச் சோதனையும் வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் ஆய்வகங்களை நடத்துகிறது; உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் விசாரித்தால் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்வார்கள். எந்தச் சோதனையும் இல்லாமல் உரத்தை விற்க முன்வருபவர், அவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும், நோயை அறியாமல் மருந்து கொடுப்பவர்தான்.

புல்தரை நிறுவனங்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. புல் அவர்களுடைய துறை. அதில் அவர்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே இயங்குகிறார்கள். நியூ ஜெர்சியின் 2011-ஆம் ஆண்டு உரச் சட்டப்படி, தொழில்முறையாக உரமிடுபவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், அல்லது பயிற்சி பெற்று, சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில் இயங்க வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சியின் மையம் புல்தான். பெரிய மரம் ஒன்றின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 45 சென்டிமீட்டருக்குள், கிளைகளின் விளிம்பையும் கடந்து வெகுதூரம் பரவியிருப்பதால், உங்கள் புல்தரையில் போடப்படும் எதுவும் மரத்தின் மீதும் போடப்படுவதாகவே கொள்ள வேண்டும். டைகாம்பா என்ற வேதிப்பொருள் சேர்ந்த களைக்கொல்லிகளின் குறிப்புத் தாளில், மரங்களின் வேர்ப்பகுதியில் அதைப் பயன்படுத்துவது பற்றிய எச்சரிக்கை இருக்கும். களைக்கொல்லி கலந்த உர மூட்டையை முற்றம் முழுவதும் ஒரே சீராகத் தூவும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. 2011 வசந்தத்தில் நடந்ததை இத்துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை. டூபாண்ட் நிறுவனம் புல்தரைகளுக்கென்று விற்ற இம்ப்ரெலிஸ் என்ற களைக்கொல்லி, தொழில்முறையாளர்களின் கையால் தெளிக்கப்பட்ட இடங்களில் நார்வே ஸ்ப்ரூஸ், வெள்ளைப் பைன் முதலிய மரங்களைப் பெருமளவில் கருகச் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் விற்பனையை நிறுத்தியது. புல்லில் களை அழிந்தது உண்மை. அதோடு மரமும் போனது.

இனி, நீங்கள் அழைக்கும் ஆர்பரிஸ்டை எப்படிச் சோதிப்பது என்பதற்கு வருகிறேன். லாரியும் ரம்பமும் வைத்திருப்பவர் எல்லாரும் ஆர்பரிஸ்ட் ஆகிவிட மாட்டார். சர்வதேச மரவளர்ப்புச் சங்கம், அதாவது ஐ.எஸ்.ஏ., 1992 முதல் இந்தச் சான்றிதழை வழங்கி வருகிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டு முழுநேர அனுபவமோ அதற்கு ஈடான கல்வியும் அனுபவமுமோ உள்ளவர் தேர்வெழுதி இதைப் பெறுகிறார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கல்வி மூலமோ மறுதேர்வு மூலமோ புதுப்பிக்கவும் வேண்டும். சான்றிதழ் நிறுவனத்துக்கு அன்று, தனி மனிதருக்கே உரியது. எனவே உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவரின் பெயரையும் எண்ணையும் கேட்டு, சங்கத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். இது தவிர நியூ ஜெர்சியில் மரத் தொழிலுக்கென்று மாநில உரிமமே இருக்கிறது. உரிமம் பெற்ற மர வல்லுநர், உரிமம் பெற்ற மரப் பராமரிப்பாளர் என்று இரு வகை உண்டு. நோய் அறிந்து ஆலோசனை சொல்ல உங்களுக்கு வேண்டியவர் முதல் வகையினர். வேலை தொடங்குவதற்கு முன் விபத்துக் காப்பீட்டுச் சான்றையும் தொழிலாளர் காப்பீட்டுச் சான்றையும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே நேராக அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கவாத்து செய்ய மரமேறும்போது முள்காலணி அணிவீர்களா? வெட்டப்போகும் மரத்தில் ஏறுவதற்குத்தான் அது. உயிரோடு காக்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு காயம். ஆம் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். உச்சியை மொட்டையாக வெட்டிவிடலாம் என்று யோசனை சொல்பவரையும் அப்படியே.

பார்வைக் கட்டணம் உங்களுக்கு உறுத்துகிறது என்று புரிகிறது. எனக்கோ அந்தக் கட்டணம்தான் நம்பிக்கை தருகிறது. இலவசமாக வந்து பார்ப்பவர் ஏதாவது ஒரு வேலையை விற்றால்தான் அவருடைய பயணச் செலவு ஈடாகும். ஆலோசனைக்கென்று பணம் வாங்குபவருக்கு "ஒன்றும் செய்ய வேண்டாம், சுண்ணாம்பை நிறுத்துங்கள், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று சொல்லும் சுதந்திரம் இருக்கிறது. அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மரத்தடியில் புல் பிடிக்காததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடர்ந்த நிழலும் வேர்ப் போட்டியும் உள்ள இடத்தில் மறுபடியும் விதை வாங்கித் தூவுவது வீண் செலவு. புல்லை விட்டுவிட்டு, தண்டைச் சுற்றி வட்டமாக 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு மரச்சில்லு மூடாக்கு போடுங்கள். தண்டு வேராக விரியும் இடம் வெளியே தெரியும்படி பட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளியே அது தொடங்கட்டும். கூம்பாகக் குவித்தால் பட்டை அழுகும். இந்த வட்டம் இருந்தால் நைலான் இழைப் புல்வெட்டி தண்டின் அருகே வரவேண்டிய தேவையும் இராது. அது பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மரம் மெல்லச் செத்துப்போகும்.

புல்தரை நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளத் தேவையில்லை. முற்றத்தின் மற்றப் பகுதியை அவர்களே பார்க்கட்டும். ஆர்பரிஸ்ட் குறித்துக் கொடுக்கும் வேர்ப்பகுதிக்குள் சுண்ணாம்பு, உரம், களைக்கொல்லி எதுவும் போடக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகச் சேர்த்து, தெளிக்க வரும் பணியாளருக்குத் தெரியும்படி அந்த எல்லையில் சிறிய கொடிகளை நட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவர் வரக்கூடும்.