திமிரில் என்ன கவர்ச்சி?

கேள்வி: "நல்லவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, திமிர் பிடித்தவனுக்குத்தான் காதலி கிடைக்கிறாள்" என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஆய்வில் ஆதாரம் உண்டா?

பதில்: பாதிக்கு உண்டு. 2002-ல் டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர்கள் மூன்று குணங்களைச் சேர்த்து 'டார்க் ட்ரையாட்' என்றார்கள். தன்னைத்தானே வியந்துகொள்ளும் நார்சிசிஸம், ஆட்களைக் காயாக நகர்த்தும் மாக்கியவெல்லியனிசம், இரக்கமும் குற்ற உணர்வும் குன்றிய சைக்கோபதி. இவை நோய்ப் பட்டங்கள் அல்ல. எல்லோரிடமும் கூடக்குறைய இருப்பவைதான். 2014-ல் வந்த ஓர் ஆய்வில் 128 கல்லூரி மாணவிகள் கற்பனை ஆண்களின் வர்ணனையைப் படித்து மதிப்பிட்டார்கள். இந்தக் குணங்கள் தூக்கலாக இருந்தவனுக்கே கவர்ச்சி மதிப்பெண் அதிகம். ஆனால் அது காகிதத்து ஆண். ஏமாற்றிவிட்டுப் போக அவனால் முடியாது. உளவியலாளர் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் நடத்தி 1989-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையிடம் ஆண், பெண் இருபாலரும் மேலே வைத்தது அன்பையும் அறிவையும்தான். நண்பர்கள் சொல்வது சில நாள் பழக்கத்துக்குப் பொருந்தும், கல்யாணத்துக்கு அல்ல.

கேள்வி: பார்த்த மாத்திரத்தில் அவர்கள் பளிச்சென்று தெரிகிறார்களே, எப்படி?

பதில்: உழைக்கிறார்கள், அதனால்தான். 2013-ல் வெளியான ஆய்வில் ஹோல்ட்ஸ்மன், ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர்கள் 111 மாணவர்களை வந்த கோலத்திலேயே படம் எடுத்தார்கள். பிறகு மேக்கப்பைத் துடைத்து, நீள முடியைப் பின்னால் கட்டி, எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிற உடை கொடுத்து மறுபடி எடுத்தார்கள். இந்தக் குணங்கள் தூக்கலாக இருந்தவர்களிடம் முதல் படத்தில் தெரிந்த கூடுதல் கவர்ச்சி இரண்டாவதில் இல்லை. முகம் அழகு என்பதல்ல, ஒப்பனைத் திறன் அதிகம். நார்சிசிஸத்தை மட்டும் எடுத்த 2010 ஆய்வு ஒன்று, முதல் அறிமுகத்தில் பிடித்துப்போவதற்கு நான்கு காரணம் கண்டது: கவனமான உடை, வசீகரமான முகபாவம், தயங்காத உடலசைவு, சமயோசித நகைச்சுவை. இவை நான்கும் கெட்ட குணங்களே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம்மை இழுப்பது தன்னம்பிக்கை. கொடுமை அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. கூச்ச சுபாவமுள்ள நல்லவர்கள் இந்த நான்கைக் கற்றுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: சாயம் வெளுக்க எவ்வளவு காலம்?

பதில்: நாள் கணக்கு சொல்ல முடியாது. பால்ஹஸின் 1998 ஆய்வில், அறிமுகமில்லாதவர்கள் குழுவாக ஏழு முறை கூடிப் பேசினார்கள். தன்னை உயர்த்திப் பேசியவர் முதல் கூட்டத்தில் நல்ல பெயர் எடுத்தார்; ஏழாவதில் அது கெட்டிருந்தது. அவர்கள் காதலர்கள் இல்லைதான். இருவர் மட்டும் திட்டமிட்டுச் சந்திக்கும்போது ஒப்பனை இன்னும் நீடிக்கும். ஒவ்வொரு சந்திப்பும் அவருக்கு முதல் கூட்டம் மாதிரிதான். ஆகவே சூழலை மாற்றுங்கள். அவருடைய பழைய நண்பர்களோடு இருக்கும்போது பாருங்கள். களைத்திருக்கும்போது, வரிசையில் காத்திருக்கும்போது பாருங்கள். சின்ன விஷயத்துக்கு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடினால் அது இயல்பு. காரணம் கேட்டு வாதாடி, கடைசியில் உங்களையே மன்னிப்புக் கேட்க வைத்தால் அது வேறு. உங்களுக்குக் கிடைத்த பாராட்டை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது இன்னும் முக்கியம். நார்சிசிஸத்தில் பாராட்டுக்கு ஏங்கும் பக்கம் ஆரம்பத்தில் இனிக்கும். அடுத்தவரைப் போட்டியாளராகப் பார்த்து மட்டம்தட்டும் பக்கம்தான் நீண்ட உறவைக் கெடுக்கிறது. ஒரு தடவை நடந்ததை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பெண்களிடம் இது கிடையாதா?

பதில்: உண்டு. சராசரியில் ஆண்களின் மதிப்பெண் கூடுதல், அவ்வளவே.

கேள்வி: 12 வாக்கியங்களில் இதை அளக்கும் வினாத்தாள் இருக்கிறதாமே. நான் விரும்புபவரிடம் நிரப்பச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். பெயர் வெளியே வராது என்ற உறுதியோடு ஆய்வுக்கு நிரப்புவது அது. ஆளை மயக்கத் தெரிந்தவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து எதை டிக் செய்வார் என்று யோசியுங்கள். அதைவிட, முந்தைய உறவு ஏன் முறிந்தது என்று கேளுங்கள். தப்பெல்லாம் எதிராளி மேல்தான் என்றால், "உங்கள் பக்கம் என்ன?" என்று ஒன்று கூடக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.