மேடவாக்கத்து வீட்டை விற்க வேண்டாம்

கேள்வி: தி.நகர் வாடகை வீட்டிலிருந்து போன சித்திரையில்தான் மேடவாக்கம் பக்கம், நன்மங்கலம் காட்டை ஒட்டிய தெருவில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். ஒரு பக்கம் காலிமனை. மூன்று மாதத்துக்குள் நான்கு பாம்புகளைப் பார்த்துவிட்டோம். போன வாரம் பின்கட்டில் ஆறடிக்கு மேல் ஒன்று வந்தது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். படம் எடுக்கவில்லை, ஓடத்தான் பார்த்தது. அக்கம்பக்கத்தார் கூடி அடித்துக் கொன்றார்கள். என் எட்டு வயது மகன் அழுதுகொண்டே, "அது நம்மள ஒண்ணும் செய்யலையேம்மா" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடித்த பாவம் குடும்பத்தைச் சுற்றும் என்று மாமியார் காலிமனைப் புற்றில் பாலும் முட்டையும் வைக்கிறார். தோட்டம் முழுக்க சிமென்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். குடியிருப்போர் சங்கம் காலிமனையை ஜேசிபி விட்டு ஒரே நாளில் வழிக்கப் போகிறது. போதாததற்கு, ராத்திரியில் மாடி ஸ்டோர் ரூம் கூரைக்குள் ஏதோ ஓடுகிறது. மரநாய் என்கிறார்கள். என்ன செய்வது அக்கா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் உங்கள் மகனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவன் சொன்னது சரி. நீங்கள் எழுதியிருக்கும் நிறம், நீளம், ஓடப் பார்த்த விதம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அது சாரைப் பாம்பு. சாரைக்கு விஷம் கிடையாது. அதன் முக்கியமான இரை எலி. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ சொன்னதுதான் சரி, எங்களுக்குத் தெரியாமல் போச்சு" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

சாரையைப் பற்றி நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் பின்னிக்கொண்டு இணையும் என்பார்கள். அதனாலேயே சாரை வந்தால் பின்னாலேயே நாகம் வரும் என்று பயந்து அடிக்கிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு இனம். சாரையிலேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடுவதாக நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் சண்டை.

பழிவாங்கும் என்பதும் அப்படித்தான். அடித்த இடத்திலேயே மறுநாள் இன்னொரு பாம்பு வந்தால் பழிவாங்க வந்துவிட்டது என்கிறோம். முதல் பாம்பு எந்த எலியைத் தேடி வந்ததோ அந்த எலி அங்கேயேதான் இருக்கிறது, இல்லையா? சாரையை அடித்ததால் எலி பெருகும். அந்த எலிக்கு நாளைக்கு நல்ல பாம்பு வரலாம். இதைத்தான் உங்கள் தெருவே புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது. பாம்பு உங்களைத் தேடி வரவில்லை. உங்கள் தெருவில் கிடைப்பதைத் தேடி வருகிறது. பாம்புகளை அடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சங்கத்துக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

நீங்கள் குடிவந்திருக்கும் இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். நன்மங்கலம் சுமார் 320 ஹெக்டேர் புதர்க்காடு. அங்கே பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அந்தப் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் அது. ஆனால் இன்று மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் ஒரு சிறு பகுதிதான். காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவில்தான் நம் தெருக்கள் எல்லாம் முளைத்திருக்கின்றன. ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் பாம்பு மேட்டைத் தேடி வரும். அந்த மேடு இப்போது உங்கள் வீட்டுப் படிக்கட்டு.

பயப்படவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000 பேர். நம் ஊரில் உயிருக்கு ஆபத்தானவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன். இதில் கட்டு விரியனைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது.

என் பெரியப்பா ஒரு ஆவணி மாதத்து ராத்திரி திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தார். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். உச்சிப்பொழுதுக்கு முன்பே போய்விட்டார். உடம்பில் கடிவாய் எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பாயைச் சுருட்டும்போதுதான் அடியில் அது கிடந்தது. கருத்த உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள்.

கட்டு விரியன் ராத்திரியில் நடமாடும். பல்லு சின்னது, கடித்தால் வலி தெரியாது, வீக்கமும் இருக்காது. தரையில் படுத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் கடிபடுகிறார்கள். அதனால் உங்கள் வீட்டில் யாரும் தரையில் படுக்க வேண்டாம். கட்டாயம் படுத்தே ஆக வேண்டும் என்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். கொசுவுக்காக வாங்கும் வலை பாம்பையும் தடுக்கும். காலையில் யாருக்காவது காரணம் தெரியாமல் வயிற்று வலியும், இமை சரிவதும், எச்சில் விழுங்க முடியாமல் போவதும் சேர்ந்து வந்தால், கடித்த அடையாளம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை.

இன்னொரு விஷயம். வெள்ளிக்கோல் வரையன் என்று ஒரு பாம்பு உண்டு. பார்க்கக் கட்டு விரியன் மாதிரியே இருக்கும், சுவரில்கூட ஏறும், பல்லி தின்னும், விஷம் இல்லை. ஆனால் வித்தியாசம் கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது அல்ல. எந்தப் பாம்பானாலும் பிள்ளையையும் நாயையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துங்கள். அது போகும் திசையைத் தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பெரும்பாலும் அதுவே போய்விடும். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் வனத்துறைக்கோ, 101 அல்லது 112-ல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். கையில் பிடித்து வித்தை காட்டி, முத்தம் கொடுத்து வீடியோ எடுப்பவர்களைத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அவர்களுக்கும் ஆபத்து, பாம்புக்கும் ஆபத்து.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட வேண்டும். எலும்பு முறிந்தால் கட்டுவது போலக் கை காலை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்து அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புக்கும் பொதுவானதுதான். உங்களுக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் அந்த மருந்து இருக்கும் என்பதை இந்த வாரமே விசாரித்து, அதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது, அவர் பிள்ளையை நினைத்துத்தான் பேசுகிறார். ஆனால் சிமென்ட் தரை பாம்பைத் தடுக்காது. அதற்கு அடியில் எலி வளை தோண்டும், ஓரத்தில் விரிசல் விடும், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வாசலில் தேங்கும், தவளை வரும். மரம் செடி இருக்கட்டும். சுவரிலிருந்து ஒரு ஐந்தாறு அடிக்கு மட்டும் தரை தெரிகிற மாதிரி பெருக்கி வையுங்கள். வீடு கட்டும்போது மிஞ்சிய செங்கல், ஓடு, மரச்சட்டம், தென்னை மட்டை எதுவும் சுவரோரம் கிடக்கக் கூடாது. புதுவீட்டுக்காரர்கள் எல்லோரும் பின்கட்டில் ஒரு குவியல் வைத்திருப்பார்கள், பின்னால் உதவும் என்று. முதலில் உதவுவது எலிக்குத்தான்.

அப்புறம் கதவின் அடி இடைவெளி. அதற்கு ரப்பர் பட்டை அடியுங்கள். பாத்ரூம் தண்ணீர் வெளியே போகும் குழாய் வாய்க்குக் கம்பி வலை, ஏசி குழாய் நுழையும் ஓட்டைக்கு சிமென்ட். கணவருக்கு சிமென்ட் பூச வேண்டும் என்றால் அங்கே பூசட்டும். ஜன்னலில் படர்ந்த கொடியை வெட்டிவிடுங்கள். நாய்க்கு வைத்த சோறு ராத்திரி வெளியே கிடக்கக் கூடாது. செருப்பு, ஷூவை உதறிவிட்டுப் போடச் சொல்லி மகனுக்குப் பழக்குங்கள். பொழுது சாய்ந்து வெளியே போனால் கையில் டார்ச் இருக்கட்டும். பூண்டு, பினாயில், சிறியாநங்கை இவற்றை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம், பாம்பு அதற்கெல்லாம் ஒதுங்காது.

அந்த ஜேசிபி விஷயம்தான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. புதர் மண்டிய மனையை ஒரே நாளில் வழித்தால் அங்கிருக்கும் பாம்பு, கீரி, தவளை, எலி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் பக்கத்து வீடுகளுக்குள்தான் ஓடி வரும். முதல் வீடு உங்களுடையது. சங்கத்தில் பேசி நாலைந்து நாளாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள். தெருப்பக்கம் ஆரம்பித்துக் காட்டுப்பக்கமாக, பகல் வெளிச்சத்தில், கையால் வெட்டிக்கொண்டே போனால் பிராணிகள் காட்டை நோக்கி நகர்ந்துவிடும். தீ வைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், அந்த மனையில் யார் யார் குப்பை கொட்டுகிறார்கள் என்பதைப் பேசுவது. குப்பை நிற்காத வரை எலியும் நிற்காது. மழை பிடிக்கும் முன்னால் முடித்துவிடுங்கள்.

உங்கள் அத்தையிடம் வாதம் செய்ய வேண்டாம். பாம்புக்குப் பால் ஆகாரமே இல்லை என்று மெதுவாகச் சொல்லுங்கள். புற்றில் வைக்கும் பாலுக்கும் முட்டைக்கும் எறும்பும் பெருச்சாளியும்தான் வரும். மஞ்சள் குங்குமம் வைத்து, எட்ட நின்று விளக்கேற்றிக் கும்பிடட்டும், அந்தப் பாலைப் பேரனுக்குக் கொடுக்கட்டும். நல்ல பாம்பு என்று பெயர் வைத்துக் கும்பிட்ட தலைமுறை அவருடையது. அடிக்கக் கூடாது என்பதில் தெருவிலேயே உங்கள் பக்கம் நிற்கப் போகிறவர் அவர்தான்.

மரநாய் மனிதரைத் தேடி வந்து தாக்குவதில்லை. பழமும் பூச்சியும் எலியும் தின்னும், ராத்திரி மட்டும் அலையும். கூரைக்குள் குட்டி போட்டிருக்கலாம். இப்போது ஓட்டையை அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும், தாய் வெளியே நின்று கூரையைப் பிய்க்கும். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். குட்டிகள் தாயோடு கிளம்பிப் போனபிறகு, சத்தம் நின்றுவிட்டதை நாலைந்து ராத்திரி கேட்டு உறுதி செய்துகொண்டு ஓட்டையை அடையுங்கள். மாடியைத் தொடும் கிளையை அப்போது வெட்டலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். 1972-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாரை எப்படி இருக்கும், நல்ல பாம்பு எப்படி இருக்கும் என்று அவனும் அவன் அப்பாவும் நிதானமாகப் பார்க்கட்டும். முடிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்கும் போகலாம். 1978 முதல் இருக்கிறது. விஷமுறிவு மருந்து செய்வதற்கான விஷத்தை எடுப்பவர்கள் இவர்கள்தான். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, உயிரோடு திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் என்று மகனிடம் சொல்லுங்கள்.

வீட்டை விற்பது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். வண்டலூர் பக்கம் போனாலும் தாழம்பூர் பக்கம் போனாலும் ஏரியும் புதரும் பாம்பும் இருக்கத்தான் செய்யும். குவியலை அகற்றி, இடுக்கை அடைத்து, இந்த ஒரு மழைக்காலம் இருந்து பாருங்கள். தை பிறந்ததும் மறுபடி எழுதுங்கள், மரநாய்க் குட்டிகள் கிளம்பிவிட்டனவா என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா