தும்மினால் கசிவு: வீடியோ சொல்வதை நம்பலாமா?

கேள்வி: காங்கேயத்தில் இருக்கும் அம்மாவுக்கு வயது 58. தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. டாக்டரிடம் போகக் கூச்சம். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இப்போது ஒரு சூரணம் வாங்கித் தரச் சொல்கிறார். இணையத்தில் எதை நம்புவது? (திருப்பூரிலிருந்து ஒரு மகள்)

பதில்: வாங்குவதற்கு முன்னால் கேட்டது நல்லதுங்க அம்மிணி.

அந்த வீடியோவில் இது எந்த வகைக் கசிவு என்று கேட்கிறார்களா? முதலில் அதைப் பாருங்கள். தும்மல், இருமல், பாரம் தூக்குவது என்று வயிறு அழுந்தும்போது கசிவது ஒரு வகை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது இதுவாகத்தான் தெரிகிறது. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிவறைக் கதவைத் தொடுவதற்குள் போய்விடுவது இன்னொன்று. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் நிரம்பி வழிவதும் உண்டு. புராஸ்டேட் வீங்கிய ஆண்களிடம் இதைப் பார்க்கலாம். அவசரக் கசிவுக்கான சில மாத்திரைகளை இவர்கள் விழுங்கினால் சிறுநீர் அடைத்தே போகலாம். எல்லாருக்கும் ஒரே மருந்து என்கிற வீடியோவை அங்கேயே மூடிவிடுங்கள்.

அப்புறம், பேச்சு எதில் போய் முடிகிறது என்று பாருங்கள். கடைசியில் விலையும் வாட்ஸ்அப் எண்ணும் வந்தால் அது விளம்பரம். முத்திரையை வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஜெனீவாவைச் சேர்ந்த அமைப்பு ஒன்று 1996 முதல் நல்ல மருத்துவத் தளங்களுக்கு ‘ஹான்கோட்’ முத்திரை கொடுத்து வந்தது. 2022இல் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய பக்கங்களில் இன்னும் ஒட்டியிருந்தால் ஏமாறாதீர்கள். லேசரில் சரியாகும் என்பவர்களிடமும் கவனம்: பெண்ணுறுப்பில் செய்யும் இத்தகைய சிகிச்சைகள் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இலேயே எச்சரித்திருக்கிறது.

அம்மாவின் வகைக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான். 1948இல் கீகல் என்ற மருத்துவர் எழுதியது, இன்றும் நிற்கிறது. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, சில நொடி பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ‘ஏழே நாளில்’ என்றால் பொய். சிறுநீர் போகும்போதே பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வதும் தவறு.

தண்ணீரைக் குறைத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும். மலச்சிக்கல் வந்தால், முக்க முக்கக் கசிவும் கூடும். குறைக்க வேண்டுமானால் காபி, டீயைக் குறைக்கலாம்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், கால் மரத்துப்போவது, இதில் எது இருந்தாலும் பயிற்சி என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லாவிட்டாலும் ஒருமுறை சிறுநீரும் சர்க்கரையும் பரிசோதித்துவிடுவது நல்லது. மூன்று நாளைக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை தடவை போனார், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமென்றால் டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டினால் போதும்.