ஆராய்ச்சி நிறுவனங்களில் பணிபுரிவோரின் மனநலத்தைக் காக்க நிறுவனங்கள் என்ன செய்ய வேண்டும்?

உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இப்போது வேறோர் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். என் அனுபவத்தில், முதலில் திருத்த வேண்டியது, முனைவர் பட்ட ஆய்வை வழிநடத்தும் நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையிலான ஏற்பாட்டைத்தான். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடுபவர், விடுப்புக்கு ஒப்புதல் தருபவர், கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்பவர், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமா என்று சொல்பவர், பிறகு வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் எல்லாரும் ஒரே ஆள். அவரோடு உறவு கசந்துவிட்டால் ஆய்வாளர் முறையிடுவதற்கு இடமே இல்லாமல் போகிறது.

பெல்ஜியத்தில் 3,659 முனைவர் பட்ட ஆய்வாளர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், 32 விழுக்காட்டினர் மனச்சோர்வு முதலிய மனநலக் கோளாறுகளுக்கு ஆளாகும் நிலையில் இருந்தனர். நெறியாளர் தன் ஆய்வுக் குழுவை நடத்தும் விதம், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி, தன் வேலையின்மீது தனக்கு இருக்கும் பிடி ஆகியவை அதோடு தொடர்புடையவை என்றும் அந்த ஆய்வு காட்டியது. 26 நாடுகளில் 2,279 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான இன்னொரு கணக்கெடுப்பில், மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றம் 41 விழுக்காட்டினருக்கு இருந்தது. அதில் தாமாக முன்வந்தவர்களே விடையளித்தார்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் புறந்தள்ளக்கூடிய எண் அல்ல.

என் மூன்றாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் செல்களை (உயிரணுக்களை) வளர்ப்பவர்களுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவின் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். சாதாரண பாக்டீரியா புகுந்தால் செல்கள் வளரும் திரவமான மீடியா ஓரிரு நாளில் கலங்கிவிடும், பார்த்ததும் கொட்டிவிடலாம். மைக்கோபிளாஸ்மா அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதற்குச் செல்சுவர் இல்லாததால், மீடியாவில் வழக்கமாகச் சேர்க்கும் பெனிசிலினும் அதை ஒன்றும் செய்யாது. கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்தபோதுதான் அது என் செல்களில் பல மாதங்களாக இருந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஏழு மாதத் தரவை ஒதுக்க வேண்டியதாயிற்று. லேப் மீட்டிங்கில் ஒன்பது பேர் முன்னால் நெறியாளர், "இதைக்கூடப் பார்க்காம மூணு வருஷமா என்னம்மா பண்ணின?" என்று கேட்டார்.

அதன் பிறகு, ஆளில்லாத நேரமாகப் பார்த்து இரவு பத்து மணிக்கு மேல் ஆய்வகத்துக்குப் போகத் தொடங்கினேன். செல்களை வைத்து வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரின் கதவைத் திறக்கும்போது கை நடுங்கும். அம்மா போனில் "எப்பம்மா முடியும்?" என்று கேட்டால், "நல்லாத்தான்மா போகுது" என்பேன். இது நோய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தகுதி இல்லை என்றுதான் தோன்றியது. எதிர் பெஞ்சில் இருந்த சீனியர் அக்கா ஒருவர் கவனித்து, மனநல மருத்துவரிடம் கூடவே வந்தார்.

இப்போது நான் இருக்கும் ஆய்வகத்தில், மாதத்தின் முதல் திங்களன்று எல்லாருடைய செல்களும் ஒன்றாக மைக்கோபிளாஸ்மா சோதனைக்குப் போகும். முடிவு பொதுப் பதிவேட்டில் ஏறும். யாருடையதிலாவது இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து இன்குபேட்டரைச் சுத்தம் செய்துவிட்டு, உறைய வைத்திருக்கும் பழைய செல்களை எடுத்து மறுபடி தொடங்குவோம். யார் செய்த தவறு என்ற பேச்சே எழாது. மனநலம் என்ற சொல் அந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. ஆனாலும் என் கை நடுக்கம் நின்றதில் மருந்துக்கு இருக்கும் பங்கு அதற்கும் உண்டு.

நிறுவன அளவில் செய்யக்கூடியவையும் எட்டாத காரியங்கள் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நெறியாளரை வெளியே இருக்கச் சொல்லி, குழு ஆய்வாளரோடு மட்டும் பதினைந்து நிமிடம் பேசினால், சிக்கல் முற்றுவதற்கு முன்பே வெளியே வரும். அதே விதிகள் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாட்கள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்புக்கு இடம் தருகின்றன. அதைக் கேட்பதற்கே தயங்கும் சூழல் இருந்தால் விதி ஏட்டோடு நின்றுவிடும். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது நல்லதே. ஆனால் பணம் நான்கு மாதம் தாமதமாக வரும்போது, விடுதி மெஸ் பாக்கியும் வீட்டில் கைமாற்று கேட்கும் கூச்சமும் சேர்ந்து ஒருவரை எப்படி அரிக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். குறித்த தேதியில் பணம் வருவதையும் மனநல நடவடிக்கையாகவே கருதுகிறேன்.

உளவியல் ஆலோசகர் கட்டாயம் வேண்டும். ஆனால் அவருடைய அறை துறைத்தலைவர் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் போக மாட்டார்கள். பேசியது துறைக்குப் போகாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் திட்ட உதவியாளர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெறியாளர்களுக்கும் பயிற்சி வேண்டும். ஆராய்ச்சி செய்யக் கற்ற அவர்களுக்கு, ஆட்களை வழிநடத்த ஒருவரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள்.

ஒருவேளை நீங்களே இப்போது அந்த நிலையில் இருந்துகொண்டு கேட்டிருந்தால், மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் ஆய்வகத்தில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.