முதல் ரவுண்டிலேயே பெரிய ஆளா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, செஸ் ரேட்டிங் 1620. போன மாத ஓபன் போட்டியில் முதல் ரவுண்டிலேயே 2140 ரேட்டிங் உள்ளவரோடு போட்டுவிட்டார்கள். தோற்றுவிட்டு அன்று இரவு சாப்பிடவே இல்லை. இது நியாயமா? ஆட்டத் தாளை இணைத்திருக்கிறேன்.
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: யாரும் வேண்டுமென்றே போடவில்லை அம்மா. ஓபன் போட்டிகளில் ஜோடி சேர்க்கும் சுவிஸ் முறையில் எல்லாரையும் ரேட்டிங்படி, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளிப்படி வரிசைப்படுத்தி, பட்டியலைப் பாதியாக வெட்டுவார்கள். நூறு பேர் என்றால் முதல் ரவுண்டில் 1-க்கு எதிரே 51. 1895-இல் சூரிச்சில் தொடங்கிய முறை இது.

ரேட்டிங் கவலையும் வேண்டாம். இருவர் ரேட்டிங்குக்கும் வித்தியாசம் 400-ஐத் தாண்டினாலும் அவனுக்குக் கணக்கு 400தான். அவன் வயதுக்கு இந்தத் தோல்வியில் போனது 3.2 புள்ளி. டிரா செய்திருந்தால் 16.8, ஜெயித்திருந்தால் 36.8 வந்திருக்கும்.

தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. ஒன்பதாவது நகர்த்தலிலேயே ராணிக்கு ராணி வெட்டி மாற்றிக்கொண்டான். அப்புறம் கிடைத்த காயையெல்லாம் வெட்டிக்கொண்டே போயிருக்கிறான். காய் குறைந்தால் டிரா கிடைக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளை இந்த யோசனை கெடுத்திருக்கிறது. பெரிய ஆட்டக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்ததே கடைசிக் கட்டம்தான். அவன் சிப்பாய்கள் சி4, டி3, இ4 என்று வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன. மிஞ்சிய பிஷப்பும் வெள்ளைக் கட்டத்தில்தான் ஓடும். எதிராளியின் குதிரை டி4 என்ற கறுப்புக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிஷப்பால் அதைத் தொட முடியாது, விரட்டச் சிப்பாயும் இல்லை. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

2023-இல் கத்தாரில், உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான கார்ல்சனை சுலைமெனோவ் என்ற கஜகஸ்தான்காரர் வீழ்த்தினார். ரேட்டிங்கில் 300-க்கும் மேல் குறைந்தவர். டிராவுக்குப் பதுங்காமல் ராஜாவைக் குறிவைத்துத் தாக்கினார். உங்கள் மகனும் தனக்குப் பழகிய ஆட்டத்தையே ஆடட்டும், ராணியைப் பலகையில் வைத்துக்கொண்டு.

இன்னொன்று. தாளின் ஓரத்தில் கடிகார நேரத்தையும் குறித்திருக்கிறான், நல்ல பழக்கம். தோற்கும்போது அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம்! பயத்தில் கை முந்திவிட்டது. எதிராளி நகர்த்தியதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பெரிய ஆள் வந்தால், ஆட்டம் முடிந்ததும் கூடத்துக்கு வெளியே "அண்ணா, நான் எங்கே விட்டேன்?" என்று கேட்கட்டும். பெரும்பாலானவர்கள் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள்.