டைட்டானியம்: பல் லேப், கிளினிக் கேள்விகளுக்குப் பதில் (பெங்களூரு)

அல்சூர்: சார், இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் வேர்) போட்ட பேஷன்ட் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தாடைப் பக்கம் படம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். காந்தம் வைத்த பல்செட் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லணும்.

சிவாஜிநகர் லேப்: டைட்டானியம் கோப்பிங்கில் (பல் உறையின் உள் உலோகத் தொப்பி) மேலே சுட்ட போர்சலின் (பீங்கான்) அப்படியே பெயர்ந்து வருது. அதே போர்சலின் பவுடர் நிக்கல்-குரோம் உலோகத்தில் நல்லா நிக்குதே?

அதே பவுடர் போட்டதுதான் கோளாறு. ஆறும்போது ஒரு டிகிரிக்கு டைட்டானியம் பத்து லட்சத்தில் 9 பங்கு போலச் சுருங்கும். நிக்கல்-குரோமுக்கான பவுடர் 13க்குப் பக்கம். ஆறும்போதே விரிசல் உட்கார்ந்துவிடும். அடுத்தது சூடு. 800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு தடித்து உதிரும். 882இல் உலோகத்தின் படிக அமைப்பே மாறும். டைட்டானியத்துக்கென்றே வரும் லோ-ஃபியூசிங் (குறைந்த சூட்டில் உருகும்) பவுடரை 800க்குக் கீழே சுடுங்கள். பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் கருஞ்சாம்பல் படலம் இருந்தால் ஆக்சைடுதான் விட்டிருக்கு. கோப்பிங் உருக்கி வார்த்ததா, கட்டியிலிருந்து கடைந்து மில் பண்ணதா?

சிவாஜிநகர் லேப்: வார்த்தது சார். வழக்கமான பாஸ்பேட் இன்வெஸ்ட்மென்ட் (சிலிக்கா கலந்த அச்சு மாவு).

அப்போ ஆல்ஃபா கேஸும் இருக்கும். அதாவது டைட்டானியம் அச்சின் சிலிக்காவோடு சேர்ந்து மேலே நொறுங்கும் தோல் கட்டும். அதைக் கூர்மையான கார்பைடு பர் (அரைக்கும் முனை) கொண்டு, அழுத்தாமல், குறைந்த வேகத்தில் எடுத்துவிட்டு அலுமினா மணலடியுங்கள்.

மத்திகெரே லேப்: நாங்க பவுடர் போடும் முன் வெறும் கோப்பிங்கை 950 டிகிரி வரை ஏத்தி டிகாஸ் பண்றோம். ஒண்ணும் ஆகலையே?

அது நிக்கல்-குரோம் பழக்கம். டைட்டானியத்தில் டிகாஸ் கிடையாது.

மத்திகெரே லேப்: வாக்குவம் ஃபர்னஸ் சார்!

பல் ஃபர்னஸின் வாக்குவத்தில் மிச்சமிருக்கும் காற்றே டைட்டானியத்துக்குப் போதும். லேபை விட்டுப் போகும்போது எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். கடி விழட்டும், அப்புறம் பேசலாம்.

ஒயிட்ஃபீல்டு: அபட்மென்ட்டை (இம்பிளான்ட் மேல் பல்லைத் தாங்கும் துண்டு) பிடிக்கும் ஸ்க்ரூ அடிக்கடி லூஸ் ஆகுது.

கையால் முறுக்கினால் அப்படித்தான். டார்க் ரென்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் சாவி) வையுங்கள், கம்பெனி சொன்ன அளவுக்கு. 10 நிமிடம் கழித்து அதே அளவுக்கு மறுபடி முறுக்குங்கள். மரையின் மேடுகள் அமுங்கி முதல் இழுவிசை குறைந்திருக்கும். லேபில் மாட்டிக் கழற்றிய ஸ்க்ரூவை வாயில் போடாதீர்கள்.

ஜெயநகர்: எம்ஆர்ஐ எடுக்கலாமா?

மேலே அல்சூருக்குச் சொன்னதுதான்.

இந்திராநகர்: இம்பிளான்ட் இருந்தா ஃப்ளூரைடு ஜெல் போடலாமா?

அமில ஜெல் வேண்டாம், ஆக்சைடு அரிக்கும். நியூட்ரல் சோடியம் ஃப்ளூரைடு போடுங்கள். ஸ்டீல் ஸ்கேலரும் வேண்டாம், கீறும்.

ராஜாஜிநகர் லேப்: அரைத்த டைட்டானியம் தூள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தலாமா?

கூடவே கூடாது. உலர்ந்த மணல். இன்னொன்று, அபட்மென்ட் ஸ்க்ரூவைக் கையால் முறுக்காதீர்கள் என்று உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள்.